தொண்ணூற்றேழு டிகிரியில் நண்டுக் கூழ்

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கோலார் தங்கவயலில் அந்தப் பாடம் பலிக்காது. ராபர்ட்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ அடுப்பில் ஏற்றிய பானை 97 டிகிரியைத் தாண்டியதுமே தளதளவென்று கொதிக்கத் தொடங்கிவிடும். அதே ஊரில், சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதன் அடித்தளத்துக்குப் பானையைக் கொண்டுபோய் அடுப்பு மூட்டியிருந்தால் (யாரும் விட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்), கணக்குப்படி 107 டிகிரி வரை சூடேறிய பிறகுதான் கொதித்திருக்கும். ஒரே ஊரில் மேலே ஒரு கொதிநிலை, கீழே ஒரு கொதிநிலை.

காரணம் காற்று. தண்ணீர் கொதிக்க வேண்டுமானால், அதன் ஆவி மேலிருந்து அழுத்தும் காற்றை எதிர்த்துக் குமிழியாக எழ வேண்டும். தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தலைக்கு மேலுள்ள காற்றின் எடை சென்னையில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே குமிழி சுலபமாக எழும்பிவிடுகிறது. ஆனால் சாம்பியன் ரீஃப் தரையிலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. ஊரின் உயரத்தைக் கழித்தாலும் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு. 1965-இல் வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை இயற்பியலாளர்கள் பிடித்ததும் இந்தச் சுரங்கத்துக்குள்தான். அடுப்பில் வைத்த பானைக்கும் இந்த ஊர் ஓர் ஆய்வுக்கூடமே.

மூன்று டிகிரி குறைகிறது என்றால் சமைப்பவருக்குக் கவலை வரும். அதுவும் ஐம்பது பேருக்கு ஒரே பானையில் நண்டு, இறால், மீன் என்று போட்டுக் காய்ச்சப் போகிறவருக்கு வேகுமா வேகாதா என்ற பயம் இருக்கத்தான் செய்யும். கைநிறைய உப்பைப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஏறும்தான், ஆனால் லிட்டருக்கு 10 கிராம் உப்புக்கு ஏறுவது 0.2 டிகிரிகூட இல்லை. இழந்த மூன்று டிகிரியை உப்பால் மீட்க வேண்டுமென்றால் கடல்நீரைப் போல ஐந்து மடங்கு உப்புக் கரித்தாக வேண்டும்.

மீட்கத் தேவையே இல்லை என்பதுதான் செய்தி. கடலுணவு வேகக் கொதிநீர் வேண்டாம். மீனின் தசைப்புரதமான மயோசின் 40 டிகிரியைத் தாண்டியதுமே உருமாறத் தொடங்கும். மீன் தசையை அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் 50 டிகிரியை ஒட்டிக் கரையும். அதனால்தான் வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிகிறது. 60 முதல் 65 டிகிரிக்குள் இறாலும் மீனும் வெந்து முடிந்துவிடுகின்றன. அதைத் தாண்டி 70, 80 என்று போகப் போக ஆக்டின் என்ற இன்னொரு புரதம் சுருங்கி, உள்ளே இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். இறால் ரப்பராவது இப்படித்தான். சுரங்கத்தின் ஆழ்மட்டங்களில் பாறையின் வெப்பநிலையே 65 டிகிரியை ஒட்டியிருந்தது. இறாலை வேகவைக்கப் போதுமான சூட்டிலிருந்த கல்லுக்கு நடுவே, குளிரூட்டி அனுப்பிய காற்றை நம்பி மனிதர்கள் ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்த்தார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரை அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஒரு பானையில் கடலைக் கொட்டிக் காய்ச்சி ஊரைக் கூட்டிக் குடிக்கும் கலையில் தமிழர்களுக்குள் யாழ்ப்பாணத்தாருக்குத்தான் முதலிடம். அவர்களுடைய ஒடியல் கூழ் நம் ஊர் அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ் அல்ல. நீலக்கால் நண்டு, இறால், கணவாய், மீன் துண்டு, மீன் தலை எல்லாம் ஒரே பானையில். கூடவே கொஞ்சம் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பயற்றங்காய், முருங்கை இலை. அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. கடைசியில் கெட்டிப்படுத்த ஒடியல் மா: பச்சைப் பனங்கிழங்கைப் பிளந்து வெயிலில் காயவைத்து இடித்த மாவு. பனையோலையைக் கோலி மடித்த பிளாவில் ஊற்றி, முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, மூக்கில் தண்ணீர் வர வரக் குடிப்பார்கள். நாலு பேருக்கு என்று இதைக் காய்ச்சுவது வீண் வேலை. இத்தனை வகையும் சேர வேண்டுமானால் பானை பெரிதாகத்தான் இருக்க வேண்டும், குடிக்க ஆள் வேண்டும்.

அமெரிக்காவின் தென்பகுதியிலும் இதற்குப் பங்காளிகள் உண்டு. லூசியானாவில் நன்னீர்ச் சிங்கிறாலை மூட்டை மூட்டையாக அவிப்பார்கள். தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவுப் பக்கம் இறால், சோளக்கதிர், உருளைக்கிழங்கு, சாசேஜ் சேர்த்து அவிப்பதற்கு ஃபிராக்மோர் ஸ்டூ என்று பெயர். இரண்டிலும் வெந்ததை வடித்து மேசையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டிவிட்டு, தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுகிறார்கள். வேதியியல் தெரிந்தவருக்கு வயிறெரியும் காரியம் இது. நண்டின் இனிப்புக்குக் காரணமான கிளைசின் என்ற அமினோ அமிலம் தண்ணீரில் கரையும். மீன் தசையிலுள்ள இனோசினேட்டும் கரையும். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமேட்டும் அப்படியே. குளூட்டமேட்டும் இனோசினேட்டும் தனித்தனியாக நாக்கில் பட்டால் ஒரு ருசி. சேர்ந்து பட்டால் அந்த ருசி பல மடங்காகிறது. நண்டையும் மீனையும் ஒரே பானையில் போடுவதன் பலன் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் அதைக் குடிக்கிறார்கள். என் ஓட்டு கூழுக்கே.

இதைத் தங்கவயலில் காய்ச்ச வேண்டுமானால் கொதிநிலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடல் பக்கத்தில் இல்லை. சென்னைக் கடற்கரை சுமார் 250 கிலோமீட்டர் கிழக்கே. மேற்குக் கடற்கரை அதைவிடத் தூரம். உள்நாட்டு ஊர்களுக்குக் கடல் பல காலம் கருவாடாகத்தான் வந்து சேர்ந்தது. இன்று ஐஸ் பெட்டியில் வருகிறது. அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது, கூழுக்கு எத்தனை மிளகாய் என்று தெரிந்துகொள்வதைவிட முக்கியம்.

மீனைக் கெடுக்கும் பாக்டீரியாக்களுக்கு வெப்பம் ஏற ஏற உற்சாகம். மீன் தொழில்நுட்பவியலில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு கணக்கின்படி, 0 டிகிரியில் ஒரு நாளில் கெடும் அளவுக்கு 10 டிகிரியில் ஆறு மணி நேரத்திலேயே மீன் கெட்டுவிடும். அதனால்தான் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட வேண்டும் என்கிறார்கள். 6 கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 வரை இறக்க உண்மையில் 2 கிலோ ஐஸே போதும். மிச்ச ஐஸ் வழிநெடுகப் பெட்டியின் சுவர் வழியே கசிந்து நுழையும் வெப்பத்தோடு மல்லுக்கட்டுவதற்கு. பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் எல்லாம் உருகி, மீன் கலங்கிய தண்ணீரில் மிதந்தால், அந்த மல்லுக்கட்டில் ஐஸ் எப்போதோ தோற்றுவிட்டது என்று பொருள்.

நன்றாகக் கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. பாக்டீரியா செத்துப்போகும், உண்மை. அது சாவதற்கு முன் விட்டுப்போனது சாகாது. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் போதாமல் கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஹிஸ்டமின் 97 டிகிரியிலும் அழியாது, 107 டிகிரியிலும் அழியாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஒரு மீன் கெட்டிருந்தாலும் ஒரே பானை என்பதால் விருந்து முழுவதும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். தூரம் கடந்து வரும் மீனில் கூழ் காய்ச்சுவதாக இருந்தால் கொடுவா, சங்கரா போன்றவற்றை வாங்குங்கள். சூரையைக் கடற்கரைக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

நண்டு வேறு வகைச் சிக்கல். அதன் உடலுக்குள் செரிமானச் சுரப்பி ஒன்று இருக்கிறது, நொதிகள் நிறைந்தது. உயிர் போனதும் அந்த நொதிகள் கட்டவிழ்ந்து தசையையே செரிக்கத் தொடங்கும். செத்துச் சில மணி நேரமான நண்டைச் சமைத்தால் சதை கஞ்சியாக ஒழுகுவது இதனால்தான். நீலக்கால் நண்டு தண்ணீரை விட்டு வெளியே வந்தால் சீக்கிரம் செத்துவிடும். களிநண்டு கெட்டிக்காரன்: கால்களைக் கட்டி, ஈரச்சாக்கில் குளிர்ச்சியாக வைத்தால் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மலையேறி வரவேண்டிய ஊருக்குக் களிநண்டே ஏற்றது. இல்லையென்றால் பிடித்த இடத்திலேயே சுத்தம் செய்து உறையவைத்தது. இறாலுக்கும் அந்தச் சுரப்பி தலையில்தான் இருக்கிறது. தலை கிள்ளிய இறால் தூரப் பயணத்துக்கு நல்லது, கூழின் ருசிக்கு நட்டம்.

சரி, நல்ல சரக்கு வந்து சேர்ந்துவிட்டது. பானையில் எது முன்னே, எது பின்னே? ஒற்றைப் பானைச் சமையலின் இயற்பியல் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கும். பானைக்கு ஒரே வெப்பநிலைதான். ஆனால் பலாக்கொட்டைக்கு அரை மணி நேரம் வேண்டும், இறாலுக்கு இரண்டு நிமிடம். நெருப்பைக் கூட்டிக் குறைத்து இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க முடியாது. எதை எப்போது உள்ளே விடுகிறோம் என்பது ஒன்றுதான் நம் கையில்.

முதலில் போக வேண்டியவை கிழங்கும் கொட்டையும் அரிசியும். இவற்றின் மாச்சத்து 60 முதல் 75 டிகிரிக்குள் தண்ணீரை உறிஞ்சிக் குழையத் தொடங்கிவிடும். ஆனால் காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்காது. அது கரைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும், ஒவ்வொரு டிகிரியும் அங்கே கணக்கு. தங்கவயலின் மூன்று டிகிரி நட்டம் தெரியவருவது இந்த இடத்தில் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் பலாக்கொட்டை வேக ஆகும் நேரத்தைவிட ராபர்ட்சன்பேட்டையில் சற்றுக் கூடுதலாகும். சின்னதாக நறுக்கினால் அதையும் ஈடுகட்டிவிடலாம். தடிமன் பாதியானால் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேரும் நேரம் நாலில் ஒன்றாகிறது.

மரவள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. சயனைடு தங்கவயலுக்குப் புதிதல்ல. அரைத்த பாறையிலிருந்து பொன்னைக் கரைத்தெடுக்கச் சயனைடைப் பயன்படுத்தி, மிஞ்சிய மண்ணைக் குன்று குன்றாகக் குவித்து வைத்த ஊர் அது. மரவள்ளியிலும் சயனைடை ஈன்று தரும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, தோலில் அதிகம். கிழங்கை வெட்டும்போது அதன் சொந்த நொதியே லினமாரினை உடைக்கிறது. வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துக் காற்றில் கலந்துவிடும். துண்டுகளைக் கொதிநீரில் போட்டால் நொதி உடனே செத்து, லினமாரின் அப்படியே தங்கிவிடும். பச்சைத்தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றினால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். கூழில் தண்ணீரை வடிக்கப் போவதில்லை என்பதால், தடிமனாகத் தோலுரித்து, தனியாக மூடாத பாத்திரத்தில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு பானையில் சேர்ப்பதே புத்திசாலித்தனம். கசக்கும் கிழங்கு என்றால் சேர்க்கவே வேண்டாம்.

இப்போது கடல் உள்ளே இறங்க வேண்டிய நேரம். ஐம்பது பேர், ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 25 லிட்டர் கூழ். அதில் 15 லிட்டர் தண்ணீர், 4 கிலோ கிழங்கும் காயும் அரிசியும், 6 கிலோ கடலுணவு என்று வைத்துக்கொள்வோம். பானை 97 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஐஸ் பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்த 6 கிலோவையும் ஒரே மூச்சில் கொட்டினால் என்ன ஆகும்? கொதிப்பு அடங்கிப் பானை சுமார் 77 டிகிரிக்கு இறங்கிவிடும். சமைப்பவர் பதறிப்போய் நெருப்பைக் கூட்டுவார். கல்யாணச் சமையல் அடுப்பிலிருந்து ஏறத்தாழ 3 கிலோவாட் வெப்பம் பானைக்குள் போவதாகக் கொண்டால், மறுபடி கொதிநிலைக்கு வர 11 நிமிடம் ஆகும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னரில் அரை மணி நேரம். மீண்டும் கொதி வந்த பிறகுதான் வேகும் நேரத்தை எண்ணத் தொடங்குவது பெரும்பாலோர் வழக்கம். அதற்குள் இறால் என்னவாகியிருக்கும்?

77 டிகிரித் தண்ணீரில் ஒரு நடுத்தர இறாலின் மையம் 65 டிகிரியைத் தொட இரண்டு நிமிடம் போதும். கொதிப்பு நின்றாலும் வேகுதல் நிற்பதில்லை. பானை அமைதியாகக் கிடந்த அந்த 11 நிமிடத்தில் இறால் வெந்து, வறண்டு, சுருண்டு முடிந்திருக்கும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது கடலுணவு கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணம் இதுதான்: கண் குமிழியைப் பார்க்கிறது, இறாலோ வெப்பத்தைப் பார்க்கிறது.

ஆகவே தவணை முறை. உடைத்த நண்டும் மீன் தலையும் முதலில், ஏழெட்டு நிமிடம். 3 கிலோ நண்டு விழுந்தால் பானை 86 டிகிரி வரைதான் இறங்கும், அதற்குள் அடுப்பு மீட்டுவிடும். பிறகு மீன் துண்டுகள். அதற்குப் பிறகு இறால். கணவாய் எல்லாவற்றுக்கும் கடைசியில், மெல்லிய வளையமாக, ஒன்றிரண்டு நிமிடம். கணவாயின் கொலாஜன் மீனுடையதைவிட வலுவாகப் பின்னப்பட்டது. அதைத் தொட்டும் தொடாமல் வேகவைக்க வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் விட்டுக் கரைய வைக்க வேண்டும். நடுவே எங்கே நிறுத்தினாலும் வாயில் செருப்புத்தோல்தான்.

நண்டு சிவந்துவிட்டது, வெந்துவிட்டது என்று சொல்வதை நம்பாதீர்கள். நண்டு, இறால் ஓடுகளில் அஸ்டாஸாந்தின் என்ற செந்நிறமி இருக்கிறது. கேரட்டின் நிறமிக்கு உறவு. உயிரோடிருக்கும்போது ஒரு புரதம் அதைக் கவ்விப் பிடித்து நீலமாகவும் பச்சையாகவும் காட்டுகிறது. சிங்கிறாலில் அந்தப் புரதத்துக்குக் கிரஸ்டாசயனின் என்று பெயர். அதன் வடிவத்தைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 2002-இல் எக்ஸ்கதிர் படிகவியல் மூலம் வெளிப்படுத்தினார்கள். சூட்டில் புரதம் பிடியை விட்டதும் பழைய சிவப்பு வெளியே வருகிறது. ஆனால் ஓடு வெளியே இருக்கிறது, சதை உள்ளே. ஓடு சிவந்த நேரத்தில் தடித்த கொடுக்கின் நடுவே இன்னும் குளிர்ந்தே இருக்கலாம். கத்தி முனையால் கிளறிப் பார்த்து, சதை கண்ணாடித்தன்மை போய் வெண்மையாகியிருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. சமையல் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. 63 டிகிரி என்பது கடலுணவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை.

புளியும் மிளகாயும் ஒடியல் மாவும் கடைசியில் போகின்றன. யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு வேதியியல் நல்ல விளக்கம் தருகிறது. பெக்டின் அமிலத்தில் சுலபமாகக் கரையாது. புளியை முதலிலேயே கரைத்து ஊற்றியிருந்தால் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் எவ்வளவு கொதித்தாலும் விறைத்தே இருந்திருக்கும். அந்த நேரத்தில் தங்கவயலின் மூன்று டிகிரி மேல் பழி விழுந்திருக்கும். காய் வெந்த பிறகு வரும் புளிக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. கடல்மீன்கள் உப்புநீரில் உடலின் சமநிலையைக் காக்க டிஎம்ஏஓ என்ற பொருளைத் தசையில் சேர்த்து வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமினாக மாற்றும். மீன் கவிச்சி என்று நாம் முகம் சுளிப்பது அதைத்தான். அமிலம் பட்டதும் அது உப்பாக மாறி, ஆவியாகி மூக்குக்கு ஏற முடியாமல் குழம்பிலேயே கட்டுண்டுபோகும். தமிழ்நாட்டு மீன்குழம்பு புளியில்லாமல் நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பேத்தமங்கலம் ஏரி போன்ற உள்ளூர் நீர்நிலைகளின் மீனைப் போட்டுக் கூழ் காய்ச்ச நினைப்பவர்களுக்கும் புளி உதவும். நன்னீர் மீனின் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள். நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. அமிலம் அதையும் சிதைக்கும். புளித்தண்ணீரில் மீனைக் கழுவுவது வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள். கசப்பு அந்த நீரோடு போய்விடும். மாவு கடைசியில் வருவதற்குக் காரணம் வெப்பம் பரவும் விதம். மெல்லிய தண்ணீரில் அடியில் சூடானது மேலே எழும், மேலே ஆறியது கீழே இறங்கும். யாரும் கிண்டாமலே பானை முழுவதும் ஒரே சூடாக இருக்கும். மாவு குழைந்து கெட்டியானதும் இந்தச் சுழற்சி நின்றுபோகிறது. அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து கருகும், மேலே இருப்பது ஆறிக்கொண்டிருக்கும். முதலிலேயே மாவைக் கரைத்திருந்தால் கொட்டையும் கிழங்கும் வேகும் வரை ஓர் ஆள் துடுப்போடு மாரடித்திருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்தால் ஐந்து நிமிடம் கிண்டினால் போதும். அப்போது நெருப்பைத் தணித்துவிடுங்கள். 25 லிட்டர் கெட்டிக் கூழ் அடுப்பை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும், முருங்கை இலை அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும்.

நெருப்பைப் பற்றி இன்னொன்று. கொதி வந்த பிறகு அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது. தங்கவயலில் 97 என்றால் 97தான். கூடுதல் நெருப்பு முழுவதும் தண்ணீரை ஆவியாக்கப் போகும். 3 கிலோவாட் அடுப்பு திறந்த பானையிலிருந்து மணிக்கு 5 லிட்டர் தண்ணீரைக் காற்றில் விட்டுவிடும், அதாவது பத்துப் பேருடைய பங்கை. கொட்டை வேகும் நேரத்தில் மூடி போட்டு, மெல்லக் குமிழி விடும் அளவுக்கு நெருப்பை இறக்கி வைத்தால் வேகும் நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடாது. சிலிண்டர் மட்டும் மிச்சமாகும். பானை எவர்சில்வராகவோ கலாய் பூசிய பித்தளையாகவோ இருக்கட்டும். புளி அலுமினியத்தை அரிக்கும்.

பரிமாறும் முன் இரண்டு விஷயம். நண்டு, இறால் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணமான டிரோபோமயோசின் என்ற புரதம் கொதிநீருக்கு அசைந்து கொடுக்காது. பானை ஒன்று என்பதால், மீன் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் தப்பிக்கவும் முடியாது. ஒரு துளி குழம்பிலும் நண்டு இருக்கிறது. விருந்துக்கு அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள், அப்படிப்பட்டவருக்குச் சமையல் தொடங்கும் முன்பே வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியில் ஏதாவது செய்து வையுங்கள்.

மற்றது மிச்சக் கூழ். கொதியில் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா வித்துகள் உண்டு. மாச்சத்தை விரும்பும் பேசில்லஸ் செரியஸ் அதில் ஒன்று. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைக்கத் தொடங்கும். கெட்டிக் கூழ் பெரிய பானையில் அப்படியே கிடந்தால், சுழற்சி இல்லாததால் அதன் நடுப்பகுதி இரவு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். வாயகன்ற தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால்தான் அது சாத்தியம். பானையோடு மூடி வைத்து, காலையில் சுடவைத்துக் கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் இன்னொரு பிளா ஊற்றி அன்றிரவே பானையைக் கவிழ்த்துவிடுங்கள்.